சூப்பர்வைசர் அதிகமா, ஆள் குறைவா? தையல் தளத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

‘எத்தனை டெய்லருக்கு ஒரு சூப்பர்வைசர் வைக்கலாம்?’ திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செக்கிங் டேபிளில் வேலைக்குச் சேர்ந்து, லைன் (தையல் மெஷின் வரிசை) பார்த்து, பிறகு பணியாளர் பிரிவுக்கு வந்தவன் நான். தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன். அந்த எண்ணைக் கொண்டுபோய் வைத்த இரண்டு யூனிட்டுகளில் ஒன்று தேறியது, மற்றொன்று இன்னும் சிக்கலானது. அதன் பிறகு எண் சொல்வதை நிறுத்திவிட்டேன். ‘தளத்தில் என்ன நடக்கிறது, அதைச் சொல்லுங்கள்’ என்றுதான் இப்போது கேட்கிறேன்.

இந்த வழிமுறையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் தளத்தில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலையை மட்டும் தவறாமல் செய்துவிடுங்கள்.

முதலில் எண்ணுங்கள்

சம்பளப் பதிவேட்டை வைத்து எண்ணாதீர்கள். பதிவேடு பதவியைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. காலை பதினொரு மணி வாக்கில், டீ முடிந்து லைன் சூடு பிடித்த நேரத்தில், ஒரு நோட்டுடன் தளத்தைச் சுற்றி வாருங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துணியைத் தொட்டு வேலை செய்பவர்கள் முதல் பத்தியில். அடுத்தவர் வேலையைப் பற்றி முடிவெடுப்பவர்கள் இரண்டாவதில். எழுதுபவர்கள், எண்ணுபவர்கள், சரிபார்ப்பவர்கள் மூன்றாவதில். அந்த நிமிடத்தில் அவர் என்ன செய்கிறாரோ அதன்படிதான் பெயர் ஏற வேண்டும்.

ஒரு யூனிட்டில் இப்படிச் சுற்றினேன். பதிவேட்டில் ஒன்பது சூப்பர்வைசர்கள். தளத்தில் பார்த்தால், முடிவெடுக்கும் வேலையில் நால்வர்தான் இருந்தார்கள். இருவர் வராத டெய்லர்களுக்குப் பதிலாக மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கட்டிங்கிலிருந்து பண்டல் (வெட்டிய துணிக்கட்டு) தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவர் மணிக்கணக்கு உற்பத்தியைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாமவர் துணி குடோனில் ரோல் தேடிக்கொண்டிருந்தார். முதலாளியோ, ‘ஒன்பது பேர் இருந்தும் லைன் ஓடவில்லை’ என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது பேருக்குச் சம்பளம் போனது உண்மை. லைனைப் பார்த்தவர்கள் நால்வரே.

எண்ணி முடித்ததும் இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஒருவருக்குக் கீழ் எத்தனை பேர் என்பது ஒன்று. ஊசிக்கும் முதலாளிக்கும் இடையில் எத்தனை படிகள் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. 400 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் கீழ் பத்துப் பேர் என்று வைத்தால், 40 சூப்பர்வைசர், அவர்களுக்கு மேல் நால்வர், அவர்களுக்கு மேல் ஒருவர் என 45 பேர் மேல்பார்வைக்கே வேண்டும். அதையே இருபது பேர் என்று வைத்தால் 20 சூப்பர்வைசர், அவர்களுக்கு மேல் ஒருவர், மொத்தம் 21. ஒரு படியே குறைந்துவிடுகிறது. காகிதத்தில் இரண்டாவது கணக்கு அழகாகத் தெரியும். தளத்தில் அது பொருந்துமா என்பதை அறிகுறிதான் சொல்ல வேண்டும்.

அறிகுறி 1: மெஷின் நல்லபடியாக இருக்கிறது, ஆளும் இருக்கிறார், ஊசி நிற்கிறது

இருப்பதிலேயே முக்கியமான அறிகுறி இதுதான். இதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் பல இடங்களில் தேவையற்ற சூப்பர்வைசர்களை எடுக்கிறார்கள்.

ஒரு லைனைத் தேர்ந்தெடுங்கள். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அந்த லைன் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். ஏதாவது ஒரு மெஷின் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யார், எதற்காக, எத்தனை நிமிடம், அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது யார். வேறு எதையும் எழுத வேண்டாம். யாரையும் கேள்வி கேட்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். அதன் பிறகு மறந்துவிடுவார்கள். அதற்குப் பின் கிடைப்பதுதான் உண்மையான கணக்கு.

மூன்று மணி நேரம் முடிந்ததும் காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, மெக்கானிக் வரவில்லை என்பவை ஒரு பக்கம். பண்டல் வரவில்லை என்பது இன்னொரு பக்கம். ‘கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்’, ‘யாரைக் கேட்பது என்று தெரியவில்லை’ என்பவை மூன்றாம் பக்கம். மேலாளர், பணியாளர் எண்ணிக்கைக்கும் இந்த மூன்றாம் பக்கத்துக்கும் மட்டும்தான் தொடர்பு உண்டு.

பண்டல் வராமல் நிற்பதுதான் அதிகம் என்றால் அது லைன் சமநிலைப் பிரச்சினை. டீ-ஷர்ட் லைனில் ஓவர்லாக் மெஷினில் தோள் சேர்த்து, கழுத்துப் பட்டியான ரிப் வைத்து, கை சேர்த்து, பக்கவாட்டு அடித்து, பேட்லாக் மெஷினில் அடிமடிப்பும் கைமடிப்பும் முடிப்பார்கள். இதில் கழுத்து வைப்பவர் தடுமாறினால் அவருக்கு முன்னால் பண்டல் மலையாகக் குவியும், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசர் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பார். பார்ப்பவர்களுக்கு ‘பாவம், ஒரே ஆள் எவ்வளவு பார்ப்பார்’ என்று தோன்றும். இன்னொரு சூப்பர்வைசர் வந்தால் இருவர் ஓடுவார்கள், அவ்வளவுதான். அங்கே தேவைப்படுவது இன்னொரு கழுத்து டெய்லர்.

மூன்றாம் பக்கம்தான் கனமாக இருக்கிறதா? அப்படியானால் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். நான் ஒருநாள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கழுத்து வைக்கும் பெண் ஒருவர் ரிப் துண்டை உடல்துணியோடு சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். லேசான நிற வேறுபாடு. ‘அண்ணா, இந்த ரிப் வேறு ஷேடாக இருக்கிறது, போடலாமா?’ என்றார். சூப்பர்வைசர் உடனே வந்துவிட்டார், அரை நிமிடம்கூட ஆகவில்லை. துண்டை வாங்கிப் பார்த்தார். ‘இரும்மா, கேட்டுச் சொல்கிறேன்’ என்று குவாலிட்டி இன்சார்ஜிடம் போனார். அவர் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் அனுப்பினார். மேனேஜர், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குப் போன் செய்தார். மெர்ச்சண்டைசர் டையிங்கில் (துணிக்குச் சாயமிடும் இடத்தில்) இருந்தார், எடுக்கவில்லை. இருபத்தாறு நிமிடம். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நான்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்ரூவல் சாம்பிள் லைனுக்கு எட்டு அடி தூரத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே சூப்பர்வைசர் குறைவில்லை, மேலே ஆட்களுக்கும் பஞ்சமில்லை. எட்டு அடி தூரத்தில் தொங்கும் சாம்பிளோடு ஒப்பிட்டு ‘போடு’ அல்லது ‘எடுத்து வை’ என்று சொல்லும் உரிமை அந்த சூப்பர்வைசருக்குத் தரப்படவில்லை.

ஆகவே இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஊசி நின்றபோது சூப்பர்வைசர் வரவே தாமதமானதா? அவர் வேறு எங்கே இருந்தார் என்று பாருங்கள். கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், குடோனில் இருந்தார் என்றால் அந்த வேலையை ஒரு கைமடிக்கோ (டெய்லருக்கு உதவும் ஆள்) கணக்கருக்கோ மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அவர் கைக்கு எட்டவில்லை என்றால்தான் லைனைப் பிரித்து இன்னொருவரைப் போடுவது சரி. வந்தார், ஆனால் கேட்கப் போனார் என்றால், ஒரே ஒரு தாளில் அவர் தாமாகவே முடிவு செய்யக்கூடிய விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: எந்த அளவு ஷேடு வேறுபாடு வரை போகலாம், எத்தனை பீஸ் வரை ஒதுக்கி வைக்கலாம், யாரை எந்த மெஷினுக்கு மாற்றலாம், ஒரு மணி நேர அனுமதியைத் தாமே தரலாமா. அந்தத் தாளில் புரொடக்‌ஷன் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத தாளை ஒரு சூப்பர்வைசரும் நம்ப மாட்டார். முதல் தவறான முடிவுக்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தால், அடுத்த நாளிலிருந்து அவர் மறுபடி கேட்கத்தான் போவார்.

அறிகுறி 2: சூப்பர்வைசர்கள் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்

இதைப் பார்த்து ‘நல்ல உழைப்பாளி’ என்று மகிழ்பவர்கள் உண்டு. தொடர்ந்து நடந்தால் அது மேல்பார்வை குறைகிறது என்பதற்கும், டெய்லர் போதவில்லை என்பதற்கும் அறிகுறி.

வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்துக்கு எடுங்கள். கிழமைவாரியாக வராதவர்களைக் கூட்டுங்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் யூனிட்டுகளில் திங்கட்கிழமை பள்ளமாகத் தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பும் வாரங்களைத் தனியாக வையுங்கள், அவை கணக்கைக் குழப்பும். சாதாரண திங்கட்கிழமையில் சராசரியாக எத்தனை பேர் வரவில்லையோ, ஏறக்குறைய அத்தனை பேர் எல்லா மெஷினிலும் உட்காரத் தெரிந்த மாற்று டெய்லர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகச் சம்பளம் கொடுத்தால்தான் நிற்பார்கள். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்குபவர்களிடம் நான் சொல்வது: சூப்பர்வைசர் சம்பளத்துக்கு இப்போது டெய்லர் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், லைனைப் பார்க்க ஆளே இல்லை.

அறிகுறி 3: ஒரே டெய்லரிடம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்

லைன் சூப்பர்வைசர் ‘வேகம்’ என்கிறார். குவாலிட்டி ஆள் ‘நிதானம்’ என்கிறார். தள இன்சார்ஜ் வந்து அவரைத் தூக்கி அடுத்த லைனுக்கு மாற்றுகிறார். மாலையில் மெர்ச்சண்டைசர் வந்து ‘இந்த ஸ்டைலை முதலில் முடியுங்கள்’ என்கிறார்.

மேல்பார்வை மிஞ்சிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. பத்து டெய்லர்களைத் தனித்தனியாக அழைத்து, ‘இன்று நீங்கள் செய்த வேலையில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?’ என்று கேளுங்கள். ஒரு லைனில் ஒரே பெயர் வர வேண்டும். இரண்டு பெயர் வந்தால் கவனிக்க வேண்டும். மூன்று வந்தால் உடனே சரிசெய்ய வேண்டும்.

இதில் பெண்கள் படும் பாட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. மேல்பார்வையாளர்கள் மிஞ்சிய லைனில் கழிவறைக்குப் போகக்கூட இரண்டு பேரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் சம்மதித்து இன்னொருவர் ‘யாரைக் கேட்டுப் போனாய்?’ என்று திரும்பி வரும்போது நிறுத்துகிறார். இதற்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் தைக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கணக்கில் எழுதினாலும் இது ஒரு நிறுவனம் செய்யக்கூடாத செயல்.

சரிசெய்வது கடினமில்லை. டெய்லரிடம் நேராகச் சொல்வது லைன் சூப்பர்வைசர் ஒருவர் மட்டுமே. குவாலிட்டி, மெர்ச்சண்டைசர், இன்சார்ஜ் எல்லோரும் அவரிடம் சொல்ல வேண்டும். ஒரே விதிவிலக்கு, ஆபத்து: மின்கசிவு, தீ, ஊசி கையில் ஏறுவது. அப்போது யாரும் யாரையும் நிறுத்தலாம்.

இந்த ஏற்பாடு வந்த சில வாரங்களில் யாரோ ஒருவருக்குச் செய்ய வேலையே இருக்காது. அவரை உடனே அனுப்பிவிட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அவர் நல்ல தொழில் தெரிந்தவர். சாம்பிள் பிரிவோ, புதியவர்களுக்குப் பயிற்சியோ அவருக்காகக் காத்திருக்கும்.

அறிகுறி 4: செக்கிங்குக்கு ஆள் கூட்டக் கூட்ட ஆல்டர் குறையவில்லை

ஆல்டர் பீஸ், அதாவது திருத்தித் தைக்க வேண்டியவை, அதிகமானதும் கை தானாகச் செக்கிங் பக்கம் போகும். இரண்டு பேரைக் கூட்டுவோம், அவர்கள் இன்னும் அதிகமாகக் கண்டுபிடிப்பார்கள், பிரிப்பதற்கும் திருப்பித் தைப்பதற்கும் இன்னும் ஆள் வேண்டும். பிழை தைக்கும் இடத்தில் பிறக்கிறது, நாம் அதைக் கடைசி மேசையில் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

டொயோட்டா ஆலைகளின் ஏற்பாட்டை இங்கே எடுத்துக்காட்டுவேன். அங்கே ஐந்து முதல் எட்டுப் பேர் வரை கொண்ட சிறு அணிக்கு ஓர் அணித் தலைவர் இருப்பார். மூன்று நான்கு அணிகளுக்கு மேல் ஒரு குழுத் தலைவர். ஐந்து பேருக்கு ஒருவரா என்று மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த அணித் தலைவர் நாற்காலி அதிகாரி இல்லை. தொழிலாளி சிக்கல் என்று உதவிக்கு அழைக்கும் கயிற்றை இழுத்தால் ஓடிவந்து உதவுபவர், ஆள் வராவிட்டால் அந்த இடத்தில் நின்று வேலை செய்பவர். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அவரை மேலாளர் என்று எண்ணினால் எண்ணிக்கை மிஞ்சியதாகத் தெரியும். உதவியாளர் என்று எண்ணினால் சரியாகத் தெரியும்.

நம் லைனுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் செக்கிங்கில் புதிதாக எடுக்க நினைக்கும் இருவரில் ஒருவரை லைனுக்குள்ளேயே, கழுத்து முடியும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பிழை பிறந்த பத்தாவது நிமிடத்தில் தைத்தவர் கைக்கே திரும்பிப் போகும்.

அறிகுறி 5: பதவிகள் பெருகுகின்றன, மூன்று பேருக்கு ஓர் இன்சார்ஜ்

டிரிம்மிங் இன்சார்ஜ், அவருக்குக் கீழ் மூவர். அயர்னிங் இன்சார்ஜ், கீழே நால்வர். பேக்கிங்கில் சீனியர் சூப்பர்வைசர், சூப்பர்வைசர், உதவி சூப்பர்வைசர், அதன் பிறகு ஐந்து தொழிலாளிகள். இந்தப் பதவிகள் ஒரே நாளில் முளைப்பதில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சம்பளப் பேச்சு இருக்கிறது. நல்ல தொழிலாளி ஒருவர் வந்து ‘வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள்’ என்கிறார். அவருக்கு மட்டும் கூலியை உயர்த்தினால் மற்றவர்கள் கேட்பார்கள். ஆகவே ஒரு பதவியைக் கொடுத்துச் சம்பளத்தை உயர்த்துகிறோம். பதவி வந்துவிட்டால் கீழே ஆள் வேண்டும். மேலாளர் எண்ணிக்கை மிஞ்சுவதற்கு நான் கண்ட காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

ஓவர்லாக்கில் கை வேகமும் சுத்தமும் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். அவர் மடியில் பீஸ் விழும் சத்தத்தை வைத்தே லைன் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம். சம்பளம் கூட்டிக் கேட்டார். சூப்பர்வைசர் ஆக்கினோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. நான்கு மாதத்தில் இரண்டு நஷ்டம் தெரிந்தது: லைனில் அவருடைய மெஷினில் உட்கார்ந்தவரால் பாதிகூட எடுக்க முடியவில்லை, அவருக்கோ ஆட்களைத் திட்டவும் வரவில்லை, தட்டிக்கொடுக்கவும் வரவில்லை, மணிக்கணக்குப் பலகைக்கு முன்னால் நின்றால் கை நடுங்கியது. ஒருநாள் மாலை என்னிடம் வந்து, ‘என்னை மறுபடி மெஷினிலேயே உட்கார வைத்துவிடுங்கள் தம்பி. ஆனால் இறக்கிவிட்டார்கள் என்று லைனில் பேசுவார்களே’ என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு உறைத்தது. ஏறுவதற்கு ஒரே ஏணியை வைத்துவிட்டு, இறங்கினால் அவமானம் என்றும் ஆக்கிவைத்திருந்தோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பீஸ் ரேட்டில் நன்றாகத் தைக்கும் ஒருவர் வாரத்தில் எடுக்கும் பணம், சூப்பர்வைசரின் வாரச் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கும் யூனிட்டுகள் இருக்கின்றன. அங்கே திறமையானவர்கள் சூப்பர்வைசர் வேலையை ஏற்க மாட்டார்கள். ஏற்பவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரிசெய்யும் வழி: தொழிலுக்கு ஓர் ஏணி, மேல்பார்வைக்கு ஓர் ஏணி என இரண்டாகப் பிரியுங்கள். ஒரு மெஷின் தெரிந்தவர், மூன்று மெஷின் தெரிந்தவர், எல்லா மெஷினும் தெரிந்து புதியவருக்குக் கற்றுத்தரவும் கூடியவர் என்று தொழில் ஏணியில் படிகள் இருக்கட்டும். மேல்படியில் இருப்பவரின் சம்பளம் சூப்பர்வைசருக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். அதில் தவறே இல்லை. சூப்பர்வைசராகப் போகிறவருக்கு மூன்று மாதச் சோதனைக் காலம் கொடுங்கள், முடிவில் ‘திரும்பிப் போகிறீர்களா?’ என்று நீங்களே கேளுங்கள். அவர் வாயால் கேட்க வைக்காதீர்கள். அந்த அக்கா பயிற்சி தருபவராக மெஷினுக்குத் திரும்பினார். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்த பெண்கள் பலர் இன்று ஓவர்லாக்கில் நல்ல பெயர் எடுத்திருக்கிறார்கள்.

இன்சார்ஜ் என்று பெயர் வைத்துவிட்டால் தொழிலாளர் சட்டத்திலிருந்து அவர் விலகிவிடுவார் என்று நினைத்துப் பதவி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, அவர் முதன்மையாகச் செய்யும் வேலையைத்தான் பார்க்கின்றன. நாள் முழுக்க அயர்ன் செய்பவரை மேற்பார்வையாளர் என்று தாளில் எழுதி ஒரு பயனும் இல்லை.

அறிகுறி 6: ஆர்டர் குறைந்தது, டெய்லர்கள் குறைந்தார்கள், அலுவலகம் அப்படியே இருக்கிறது

1955இல் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டினார். 1914இல் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62. 1928இல் அவை 20. கடற்படையினர் 1,46,000 பேரிலிருந்து 1,00,000 ஆகக் குறைந்தார்கள். அதே காலத்தில் தலைமை அலுவலக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 ஆகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறைய அலுவலகம் வளர்ந்திருக்கிறது.

நம் யூனிட்டில் இது வேறு உருவில் வரும். ஆர்டர் இறங்கும்போது முதலில் போவது பீஸ் ரேட் ஆட்கள், பிறகு கைமடிகள். ஆறு லைன் மூன்று லைனாகும். மேலே ஆறு லைனுக்கான ஆட்கள் அப்படியே இருப்பார்கள். அவர்கள் சோம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். ஒருவர் புதிய அறிக்கை கேட்பார், ஒருவர் இன்னொரு கையெழுத்தைச் சேர்ப்பார். மூன்று லைனுக்கு முன்பைவிட அதிகத் தாள்கள் நிரப்ப வேண்டிவரும். கடந்த ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்ந்த படிவங்களையும் கையெழுத்துகளையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து ‘இது இல்லாவிட்டால் எந்த பீஸ் கெட்டுப்போகும்?’ என்று கேளுங்கள். பதில் வராதவற்றை நிறுத்துங்கள். யாருக்கு உண்மையில் வேலை குறைந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘எல்லாத் துறையிலும் இத்தனை சதவீதம்’ என்று வெட்டும் முறை பெரிய நிறுவனங்களில் நடக்கிறது. 2024 செப்டம்பரில் அமேசான் தலைமை நிர்வாகி ஆண்டி ஜாஸி, மேலாளர்களோடு ஒப்பிட்டால் பணியாளர்களின் விகிதம் 2025 மார்ச் இறுதிக்குள் குறைந்தது 15 சதவீதம் உயர வேண்டும் என்று தம் பிரிவுகளைக் கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கான மேலாளர்கள் இருக்கும் இடத்தில் அது ஒரு கணக்கு. நான்கு சூப்பர்வைசர் இருக்கும் தளத்தில் 15 சதவீதம் என்பது முழுதாக ஓர் ஆள்கூட இல்லை. ஒருவரை எடுத்தால் நான்கில் ஒரு பங்கு போய்விடும்.

அறிகுறி 7: புதியவர்கள் முதல் மாதத்துக்குள் போய்விடுகிறார்கள்

விடுதி, சாப்பாடு, கூலி ஆகியவற்றை முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தும் போகிறார்கள் என்றால், ஒரு சூப்பர்வைசருக்குக் கீழ் எத்தனை பேர் என்பதோடு எத்தனை புதியவர்கள் என்பதையும் எண்ணுங்கள். கை பழகிய நாற்பது பேரை ஒருவர் பார்த்துவிடலாம். புதியவர் எட்டுப் பேர் சேர்ந்தால் அதே ஆளால் முடியாது.

1950களில் இங்கிலாந்தின் தெற்கு எசெக்ஸ் பகுதியில் 100 தொழிற்சாலைகளை ஆராய்ந்த ஜோன் வுட்வர்ட் கண்டது இதற்கு உதவும். ஒரே பொருளைப் பெரும் எண்ணிக்கையில் செய்யும் ஆலைகளில் முதல்நிலை மேற்பார்வையாளருக்குக் கீழ் நாற்பதுக்கு மேல் இருப்பது வழக்கமாக இருந்தது. வேதிப்பொருள் போன்ற தொடர் உற்பத்தி ஆலைகளில் இருபதுக்கும் கீழேதான். வேலையின் தன்மைதான் எண்ணைத் தீர்மானிக்கிறது. நம் தளத்திலும் ஒரே ஸ்டைல் மூன்று மாதம் ஓடும் லைனும், வாரத்துக்கு இரண்டு ஸ்டைல் மாறும் லைனும் ஒன்றல்ல. பழகியவர்கள் உள்ள லைனும் புதியவர்கள் உள்ள லைனும் ஒன்றல்ல.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் இன்று திருப்பூர் லைன்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சூப்பர்வைசருக்கு இந்தி தெரியாது. சைகையில் தொடங்கும் பேச்சு சத்தத்தில் முடிகிறது. அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிவிடுகிறான். பத்துப் பேருக்கு ஒருவராவது, அவர்களுக்குள்ளேயே பழையவர் ஒருவரை, கூடுதல் கூலி கொடுத்து வழிகாட்டியாக வையுங்கள். சூப்பர்வைசர் என்ற பெயர் அவருக்குத் தேவையில்லை.

அறிகுறி 8: எல்லாம் முதலாளியின் போனுக்கே வருகிறது

இடையில் ஆளே இல்லை, அல்லது நேராக அவருக்குக் கீழ் பதினோரு பேர். கூகுள் நிறுவனர்கள் 2002இல் பொறியியல் பிரிவில் மேலாளர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். செலவுக் கணக்கு முதல் ஆட்களுக்குள் வரும் மனத்தாங்கல் வரை எல்லாம் நேராக லாரி பேஜிடம் வந்து சேர்ந்தது. சில மாதங்களிலேயே மேலாளர்களைத் திரும்ப வைத்தார்கள்.

லைனில் ஒருவர் நாற்பது பேரைப் பார்க்க முடிகிறதே, மேலே ஏன் பதினோரு பேரைப் பார்க்க முடியவில்லை? லைனில் ஒவ்வொருவர் வேலையும் தனி, இன்னது செய்ய வேண்டும் என்பது தெளிவு. மேலே கட்டிங் தாமதமானால் தையல் பாதிக்கும், தையல் தாமதமானால் ஃபினிஷிங், அதற்குள் மெர்ச்சண்டைசர் தேதியை மாற்றியிருப்பார். ஒருவர் விஷயம் எல்லோர் விஷயமும் ஆகிவிடுகிறது. 1933இல் மேலாண்மை ஆலோசகர் கிரைகூனாஸ் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: கீழே நால்வர் இருந்தால் கவனிக்க வேண்டிய உறவுகள் 44, ஐந்தாமவர் சேர்ந்தால் 100, ஆறாமவர் சேர்ந்தால் 222. கணக்கை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம், ஏறும் வேகத்தைப் பாருங்கள். வேலைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஐந்து, ஆறு பேருக்கு மேல் நேராக வைத்துக்கொள்ளாதீர்கள். உற்பத்தி முழுவதற்கும் ஒருவர், ஆர்டர் முழுவதற்கும் ஒருவர் என்று இரண்டு தலைகள் இருந்தாலே முதலாளியின் போன் பாதியாகக் குறையும்.

மாற்றும்போது

ஒரே நேரத்தில் எல்லா லைனிலும் கை வைக்காதீர்கள். ஒரு லைனில் மாற்றி, அதே போன்ற இன்னொரு லைனை அப்படியே விட்டு, ஆறு வாரம் பாருங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் தொடங்க வேண்டாம், ஸ்டைல் மாறும் வாரத்திலும் வேண்டாம். பார்க்க வேண்டியவை: நோட்டில் எழுதிய காத்திருப்பு நிமிடங்கள், ஆல்டர், வராதவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள். உற்பத்தியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஆட்களை விரட்டி இரண்டு வாரம் உற்பத்தியை உயர்த்திவிடலாம், மூன்றாவது வாரம் வருகைப் பதிவேட்டில் அது தெரியும்.

ஒரு சூப்பர்வைசரை நீக்குவது அல்லது வேறு பிரிவுக்கு மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் என்னென்ன செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து எழுதுங்கள். அவருடைய பதவி விவரத்தில் இல்லாத வேலைகள்தான் அதிகம் இருக்கும். முதலுதவிப் பெட்டியின் சாவி அவரிடம் இருக்கும். எந்த மெஷினில் எந்த நேரம் பெல்ட் நழுவும் என்பது அவருக்குத்தான் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், அந்தத் தாய்க்கு உடனே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்து, அவருடைய மெஷினில் யாரை உட்கார வைப்பது என்று பார்ப்பவரும் அவரே. அந்தச் சீட்டை இனி யார் எழுதுவார் என்று முடிவு செய்து, பெயரை லைனில் எல்லோருக்கும் சொன்ன பிறகு அவரை மாற்றுங்கள்.